மூட்டையோடு போனவர்களும் ஒப்பந்தத்தோடு போனவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு கடிதம் வந்திருந்தது. பாலஸ்தீனர்கள் நாட்டையே பறிகொடுத்தவர்கள், ஆனாலும் சிலி நாட்டில் ஆலை முதலாளிகளாக இருக்கிறார்கள். ஃபீஜித் தமிழர்கள் கரும்பு வெட்டப் போனவர்கள், இன்று சிட்னியிலும் ஆக்லாந்திலும் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். நம் மலேசியத் தோட்டத்துப் பிள்ளைகள் மட்டும் இன்னும் குறை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், உழைப்பும் ஒற்றுமையும் இல்லாததுதான் காரணம் என்று எழுதியிருந்தார் அந்த அன்பர். காலையில் கடையைத் திறந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்தவள், அதைப் படித்த பிறகு அன்று முழுக்க ஒரு வேலையும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக வந்தாலும் குறைக்காமல் போடுங்கள்.

நான் சுங்கை சிப்புட்டில் முப்பது வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பால்மரத் தோட்டத்து லயத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். பதினான்கு வயதில் இருட்டோடு எழுந்து அம்மாவோடு பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், அம்மா மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்ட வெட்ட நான் பின்னாலேயே பால் வடியும் மங்கைத் துடைத்துக்கொண்டு போவேன். அதனால் உழைப்பில்லை என்று யாராவது எழுதினால் அது எனக்கு என் அம்மாவைச் சொன்ன மாதிரி இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த அன்பர் சொன்னதில் பாதி உண்மை. சிலியில் பாலஸ்தீன வம்சாவளியினர் மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். மத்தியக் கிழக்குக்கு வெளியே அவ்வளவு பெரிய பாலஸ்தீனச் சமூகம் வேறு எங்கும் கிடையாது. துணி வியாபாரம், ஆலை, வங்கி, அரசியல் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரிலேயே ஒரு கால்பந்துக் கிளப் இருக்கிறது, பலெஸ்தீனோ என்று, 1920இல் தொடங்கியது. எல் சால்வடோரிலும் ஹோண்டுராசிலும் பாலஸ்தீன வம்சத்தவர்கள் அதிபர்களாகவே வந்திருக்கிறார்கள். ஆனால் இவர்கள் எப்போது போனார்கள், எதைக் கையில் கொண்டு போனார்கள் என்று அன்பர் கேட்டாரா? இவர்களில் மிகப் பெரும்பாலோருடைய முன்னோர்கள் 1948இல் துரத்தப்பட்டவர்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெத்லகேம், பெய்த் ஜாலா, பெய்த் சாஹூர் என்ற மூன்று பக்கத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து போன கிறிஸ்தவக் குடும்பங்கள். அப்போது அந்த ஊர்கள் ஒட்டோமான் துருக்கியரின் ஆட்சியில் இருந்தன. கட்டாய ராணுவச் சேவைக்குப் பயந்து போனவர்கள் உண்டு, பிழைப்பு தேடிப் போனவர்கள் உண்டு. கையில் இருந்தது துருக்கிப் பாஸ்போர்ட் என்பதால் தென்னமெரிக்காவில் இவர்களைத் 'துர்க்கோ' என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்கள், அந்தப் பட்டப்பெயர் வெகுகாலம் போகவில்லை.

இவர்கள் முதலில் செய்த வேலை தெருத் தெருவாகப் போய் விற்பது. நூல், ஊசி, பொத்தான், சீப்பு, துணி. சிலியில் அந்த வியாபாரிகளுக்கு 'ஃபால்த்தே' என்று பெயர். என்ன குறைகிறது, என்ன வேண்டும் என்று வீட்டு வாசலில் கேட்டு நின்றதால் வந்த பெயராம். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் லயத்துக்கு வந்த சேலைக்காரர்தான் கண்முன்னால் வந்து நின்றார்.

சம்பளம் போட்ட மறுநாள் வருவார். சைக்கிளின் பின்சீட்டில் பெரிய துணி மூட்டை, மேலே ஒரு மெழுகுசீலை. சேலை, கைலி, பாவாடைத் துணி, ரிப்பன், தீபாவளி நெருங்கினால் பட்டுப்பாவாடை. தவணைக்குக் கொடுப்பார், மாதம் இரண்டு வெள்ளி மூன்று வெள்ளி, ஒரு நீட்டு நோட்டில் எழுதிக்கொள்வார், எழுதத் தெரியாத அம்மாக்கள் சுவரில் கரியால் கோடு போட்டுக்கொள்வார்கள். நல்ல மனிதர், யாரையும் ஏமாற்றியதாகக் கேள்விப்படவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பட்டணத்தில் கடை போட்டார். அப்புறம் அந்தக் கடையை இரண்டு மாடியாக்கினார். என் அம்மா அதே வருஷங்களில் அதே நிரையில் அதே மரங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். சேலைக்காரர் காலை ஒன்பது மணிக்கு வருவார், அம்மா நாலு மணிக்கு எழுந்தவள். அப்படியானால் உழைப்பு யாருக்கு அதிகம்?

மூட்டையில் இருந்த சரக்கு அவருடையது. விலை வைப்பது அவர். இந்தத் தோட்டத்தில் வியாபாரம் இல்லையென்றால் சைக்கிளைத் திருப்பி அடுத்த தோட்டத்துக்குப் போகலாம், யாரையும் கேட்க வேண்டாம். அம்மாவுக்கு வீடும் வேலையும் ஒரே ஆளிடம். வேலையை விட்டால் அன்றே வீடும் போய்விடும். ரப்பர் பால் விலை லண்டனில் தீர்மானமாகும், மரத்தை எந்த வருஷம் வெட்டிச் சாய்த்துச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை நடுவது என்பதை நாங்கள் முகமே பார்க்காத யாரோ முடிவு செய்வார்கள். சிலிக்குப் போன பெத்லகேம்காரர் சேலைக்காரரைப் போன்றவர். தெருவில் விற்றதிலிருந்து கடை, கடையிலிருந்து சாந்தியாகோவின் பத்ரொனாத்தோ பகுதியில் வரிசை வரிசையாக ஜவுளிக் கடைகள், 1929 நெருக்கடிக்குப் பிறகு சிலி அரசாங்கம் உள்நாட்டு ஆலைகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தபோது ஆலை. பெத்லகேமிலிருந்து வந்த யாரூர் குடும்பம் 1937இல் சாந்தியாகோவில் பஞ்சாலை திறந்தது இந்தக் காற்றில்தான். அவர்கள் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆலைக்குள் நூல் நூற்றவர்கள் சிலிநாட்டு ஏழைத் தொழிலாளர்கள், 1971இல் அவர்கள் ஆலையைக் கைப்பற்றி அரசுடைமையாக்கக் கேட்டதும் அதே கதையின் ஒரு பகுதி. முதலாளியின் வெற்றியை மட்டும் எடுத்து ஒரு சமூகத்தின் வெற்றி என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது அதே பாலஸ்தீனரை லெபனானில் பாருங்கள். 1948இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்து ஓடினார்கள். அந்த வருஷம் எங்கள் ஊருக்கும் மறக்க முடியாத வருஷம், ஜூன் மாதம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் தொடங்கியதும் அப்போதுதான். தோட்டத்து ஆட்கள் அப்போது முள்கம்பி வேலிக்குள் அடைபட்ட கதையை ஆத்தா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் வேலி பன்னிரண்டு வருஷத்தில் அவிழ்ந்தது. லெபனான் முகாம்களில் இருப்பவர்களுக்கு இன்னும் அவிழவில்லை. 2017இல் எண்ணியபோது முகாம்களிலும் சுற்றுக் குடியிருப்புகளிலும் ஏறத்தாழ 1,74,000 பாலஸ்தீனர்கள் இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், ஆனாலும் குடியுரிமை கிடையாது. மருத்துவம் படித்தாலும் டாக்டர் வேலை பார்க்கச் சட்டம் இடம் கொடுக்காது, வக்கீல், பொறியியலாளர் வேலைகளும் அப்படித்தான். 2001இல் வந்த சட்டத்தால் ஒரு சின்ன வீடுகூடத் தங்கள் பெயரில் பதிய முடியாது. 2010இல் சில வேலைகளுக்குக் கொஞ்சம் தளர்வு வந்தது, அந்தப் பெரிய தொழில்களின் கதவு திறக்கவில்லை. சாந்தியாகோவில் இருப்பவரின் முன்னோரும் லெபனானில் இருப்பவரின் முன்னோரும் ஒரே மொழி, ஒரே மண். ஒருவர் பேரன் வங்கி வைத்திருக்கிறார், இன்னொருவர் பேரன் பட்டம் வாங்கிவிட்டுக் கட்டட வேலைக்குப் போகிறார். இதில் உழைப்பையும் ஒற்றுமையையும் எங்கே வைத்து அளப்பது?

ஜோர்டான் 1954 சட்டப்படி பெரும்பாலான பாலஸ்தீனர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. அங்கே அவர்கள் கடை, கம்பெனி, வங்கி என்று வளர்ந்தார்கள். அதே நாட்டிலேயே 1967இல் காசாவிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் குடியுரிமை கிடைக்கவில்லை, ஜெராஷ் முகாமில் அவர்களுடைய நிலைமை வேறு. குவைத் கதை இன்னும் மனசை உறுத்துகிறது. ஐ.நா. நிவாரண முகமையின் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் ஆசிரியர்களாக, பொறியியலாளர்களாக, கணக்காளர்களாகக் குவைத் போய் அந்த நாட்டையே கட்டினார்கள். 1990இல் ஏறத்தாழ நாலு லட்சம் பேர் அங்கே இருந்தார்கள். ஈராக் படையெடுத்தது, பாலஸ்தீனத் தலைமை சதாம் பக்கம் சாய்ந்தது, போர் முடிந்ததும் ஒட்டுமொத்த மக்களுக்கும் தண்டனை. சில பத்தாயிரம் பேர்தான் மிஞ்சினார்கள். முப்பது வருஷம் சம்பாதித்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, நல்ல நிலைமைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்த குடும்பங்கள் கார் கூரையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு அம்மானுக்குப் போனார்கள். ஆக, நல்ல சம்பளம் வாங்குவதும் வசதியாக இருப்பதும் ஒன்றல்ல. இருக்கிற இடத்தில் இருக்க உரிமை இல்லையென்றால் அந்தச் சம்பளம் இரவல்தான்.

இனி ஃபீஜி. இதைப் பற்றி நான் புத்தகத்தில் படித்ததைவிட நேரில் கேட்டது அதிகம். என் மகள் ஆக்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். பேறுகாலத்துக்காகப் போய் மூன்று மாதம் இருந்தேன். அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு ஃபீஜிக்கார அம்மா. தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து கப்பல் ஏறியவர். அந்த அம்மாவுக்குத் தமிழ் பேச வராது, வீட்டில் பேசுவது ஃபீஜி இந்தி, என்னைத் 'தீதி', அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் செவ்வாய்க்கிழமை விளக்கேற்றும்போது முருகன் பாட்டு ஒன்று பாடுவார், பொருள் தெரியாமல், ஒரு எழுத்து பிசகாமல். எனக்கு அழுகை வந்துவிடும். அவருக்கு அந்தப் பாட்டின் பொருளைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

அந்த அம்மா சொன்ன கதையை அப்படியே எழுதுகிறேன், அப்போதுதான் அன்பருக்குப் புரியும்.

1879க்கும் 1916க்கும் இடையில் 60,000க்கும் மேற்பட்டவர்களை ஃபீஜிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் போனது, மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு தெற்கத்தி ஆட்கள். ஐந்து வருஷ அக்ரிமெண்ட், அந்தச் சொல்தான் வாயில் தேய்ந்து 'கிர்மிட்' ஆனது. அளந்து கொடுத்த வேலையை முடித்தால் ஆணுக்கு நாளுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். குடியிருக்கக் கூலி லைன், பத்தடிக்கு ஏழடி அறை. எங்கள் லயத்தைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, அந்த அம்மா 'ஆமா, ஆமா' என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். அதுவரைக்கும் அவர்கள் கதையும் நம் கதையும் ஒன்றேதான்.

பிரிந்தது எங்கே தெரியுமா? ஒப்பந்த முறை 1920 தொடக்கத்தோடு ஒழிந்துபோனதும் கூலி ஆள் கிடைக்காமல், அங்கிருந்த பெரிய சர்க்கரைக் கம்பெனி தன் தோட்டங்களைப் பத்துப் பன்னிரண்டு ஏக்கர் துண்டுகளாகப் பிரித்து இந்தியக் குடும்பங்களுக்கே குத்தகைக்கு விட்டது. கம்பெனி நல்ல எண்ணத்தில் செய்யவில்லை, கரும்பை அதனிடம்தான் விற்க வேண்டும், விலையை அதுதான் வைக்கும், கடன்பட்டு நொந்தவர்கள் ஏராளம். இருந்தாலும் பத்து ஏக்கர் பத்து ஏக்கர்தான். வீட்டைச் சுற்றிக் காய்கறி போடலாம், மாடு வளர்க்கலாம், நல்ல விளைச்சல் வந்த வருஷம் மூத்த பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். பள்ளிக்கூடத்தையும் அவர்களே கட்டினார்கள், 1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அந்த அம்மாவின் அப்பா பா என்ற ஊரில் பத்து ஏக்கர் கரும்பு வைத்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தார்.

இங்கே என்ன நடந்தது? இங்கேயும் தோட்டத்தைத் துண்டு போட்டார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுக் கிளம்பியபோது தோட்டத் துண்டாடல் என்று ஒன்று வந்ததே, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் துண்டுகள் வெட்டின கைக்கு வரவில்லை, காசு வைத்திருந்தவர்களுக்குப் போயின, வெட்டின கைக்கு வேலையும் லயமும் சேர்ந்து போயின. எங்கள் ஊரில் பிறந்து அப்போது மந்திரியாக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதைப் பார்க்கச் சகிக்காமல்தான். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்து, முதலில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். என் அப்பாவும் பங்கு கட்டினார், அந்தப் புத்தகம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஒற்றுமையில்லை என்று எழுதுகிறவர்கள், கையெழுத்துப் போடத் தெரியாத ஆயிரமாயிரம் பேர் கைரேகை வைத்துத் தோட்டம் வாங்கிய இந்தக் கதையை எங்கே வைக்கப் போகிறார்கள்?

சரி, ஃபீஜிக்குத் திரும்புகிறேன். அந்தப் பத்து ஏக்கரும் அவர்களுடைய சொந்தம் இல்லை. நாட்டின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஃபீஜிப் பூர்வகுடி மக்களுடையது, விற்க முடியாது, குத்தகைக்குத்தான் விடலாம். அது அவர்கள் மண், காலனி ஆட்சி அதை முழுக்கப் பறிக்காமல் விட்டது நியாயம்தான், நான் அதைக் குறை சொல்லவில்லை. 1976 சட்டப்படி முப்பது வருஷக் குத்தகை. 1987 மே 14இல், இந்தியர்கள் ஆதரித்த டாக்டர் பவாட்ராவின் அரசாங்கம் அமைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, கர்னல் ரம்புக்கா துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். முதல் கிர்மிட்காரர்களின் கப்பல் வந்து சேர்ந்ததும் அதே மே 14தான், 1879இல். பணத்தின் மதிப்பை 1987இலேயே இரண்டு முறை குறைத்தார்கள். 1997இலிருந்து குத்தகைகள் முடிய ஆரம்பித்தன, 2000இல் இன்னொரு ஆட்சிக் கவிழ்ப்பு, பிரதமர் மகேந்திர சௌத்ரியை 56 நாள் பிடித்து வைத்திருந்தார்கள். 1986 கணக்கில் இந்தியர்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி. 2007இல் நூற்றுக்கு 37 பேர். போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

ஆனால் யார் போக முடிந்தது? இதுதான் அந்த அம்மா அழுத்திச் சொன்னது. அவர் பயிற்சி பெற்ற ஆசிரியை. நியூசிலாந்து 1991இலிருந்து படிப்புக்கும் வயதுக்கும் அனுபவத்துக்கும் புள்ளி போட்டு ஆள் எடுத்தது, அவருக்குப் புள்ளி சேர்ந்தது. ஃபீஜியின் சேமநிதிப் பணத்தை நிரந்தரமாக வெளியேறுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், அதை எடுத்துத்தான் ஆக்லாந்தில் முதல் ஏழெட்டு மாத வாடகை கொடுத்தார். வந்ததும் ஆசிரியை வேலை கிடைக்கவில்லை, இரண்டு வருஷம் கோழி வெட்டும் தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட், கணவர் டாக்சி. அப்புறம் மறுபடி படித்து, தேர்வு எழுதி, பள்ளிக்குப் போனார். ஒரு தம்பி கணக்காளர், சிட்னியில் இருக்கிறார். ஒரு தங்கை கலிபோர்னியாவில், முதியவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை; ஃபீஜிக்காரர்கள் நிறையப் பேருக்கு அங்கே அதுதான் பிழைப்பாம். மூத்த அண்ணன் மட்டும் படிக்கவில்லை, தம்பி தங்கைகள் படிக்க வேண்டும் என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டார். குத்தகை முடிந்ததும் அவருக்கு நிலமும் இல்லை, கட்டிய வீடும் இல்லை, புள்ளியும் இல்லை. இப்போது தலைநகர் சூவாவுக்கு வெளியே புறம்போக்கில் தகர வீட்டில் இருக்கிறார், இவர்கள் மாதா மாதம் பணம் அனுப்புகிறார்கள். இதைச் சொல்லும்போது அந்த அம்மா கையில் இருந்த தேநீர் ஆறிப்போயிற்று. எங்களைத் தூக்கிவிட்டது அண்ணன்தான், அவரைத் தூக்கிவிட எந்த நாட்டுக் கணக்கிலும் புள்ளி கிடையாது என்றார்.

ஆகவே ஆக்லாந்தில் ஃபீஜி இந்தியர்கள் வசதியாக இருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் அது உண்மை, ஆனால் அது வடிகட்டி எடுத்த உண்மை. படித்தவர்களை மட்டும் அந்த நாடு பொறுக்கி எடுத்துக்கொண்டது, மற்றவர்களின் கணக்கு ஃபீஜியிலேயே நின்றுவிட்டது. அதே வடிகட்டியைச் சுங்கை சிப்புட்டுக்குப் போட்டு, ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் டாக்டராகவும் வக்கீலாகவும் இருக்கிற தோட்டத்துப் பிள்ளைகளை மட்டும் எண்ணினால் நாமும் பெரிய சமூகம்தான்.

ஃபீஜியர் என்றால் இந்தியர்கள் மட்டும் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பூர்வகுடி ஃபீஜியரும் வெளிநாட்டுக்குப் போய்த்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். பிரிட்டிஷ் ராணுவம், ரக்பி, ஆஸ்திரேலியாவில் இறைச்சித் தொழிற்சாலை, நியூசிலாந்துப் பழத்தோட்டம். ஐ.நா. அமைதிப்படையில் 1978 முதல் 2002 வரை தெற்கு லெபனானில் ஃபீஜிப் படை நின்றது. 1996 ஏப்ரலில் கானா கிராமத்தில் அவர்கள் முகாமில் அடைக்கலம் புகுந்திருந்த பொதுமக்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இஸ்ரேலின் குண்டுவீச்சில் செத்தார்கள். இதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் யோசித்தேன். பசிபிக் கடலில் ஒரு தீவிலிருந்து வந்த பையன் அந்த மண்ணில் காவல் நின்று சம்பளம் வாங்கி ஊரில் வீடு கட்டுகிறான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், டயர் நகரத்தையொட்டிய ரஷீதியே முகாமில் பிறந்து வளர்ந்த பாலஸ்தீனப் பையனுக்கு அதே மண்ணில் ஒழுங்கான வேலை பார்க்க அனுமதி இல்லை. இரண்டு பேருமே ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகள்தான், ஆனால் ஃபீஜிப் பையனுக்குத் திரும்பிப் போக ஒரு கிராமம், அந்தக் கிராமத்தில் பங்குள்ள நிலம், கையில் பாஸ்போர்ட் எல்லாம் இருக்கிறது. 2022இல் வெளிநாட்டிலிருந்து ஃபீஜிக்கு வந்த பணம் நூறு கோடி ஃபீஜி டாலரைத் தாண்டியது, அந்தப் பணம் போய்ச் சேர ஒரு வீட்டு வாசல் இருக்கிறது.

நம் கதையில் அந்தப் பாஸ்போர்ட்டின் இடத்தில் அடையாள அட்டையைப் போட்டுப் பாருங்கள். மெர்டேக்காவுக்குப் பிறகு, அதாவது நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, மனுப் போடத் தெரியாமல், பிறப்புப் பத்திரம் இல்லாமல், சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் எத்தனை பேர் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டையோடு நின்றார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று வந்ததே, அப்போது என் தாய்மாமா, முப்பது வருஷம் பால் வெட்டினவர், பெர்மிட் கிடைக்காமல் பினாங்கில் இந்தியா போகும் ரஜூலா கப்பல் ஏறினார். பல்லாயிரம் பேர் அப்படிப் போனார்கள். மாமா போகும்போது பால் வெட்டும் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார், அங்கே அவர் ஊரில் ரப்பர் மரமே கிடையாது. என் அம்மா சாகும்வரை சிவப்பு அட்டைக்காரிதான். அதனால் மலிவு வீட்டுக்கு மனுப் போடக்கூட அவள் பெயர் உதவவில்லை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கும் வெளியே இருந்த நிலம் வீடமைப்புத் திட்டமாகவும் தொழிற்பேட்டையாகவும் ஆனது. தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருந்தவர்களுக்கு எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் அப்படித்தான் பட்டணத்துக்கு வந்தோம், ஒரு சிங்கர் மெஷின், இரண்டு டிரங்குப் பெட்டி, அம்மா வளர்த்த முருங்கைக் கொப்பு ஒன்று. எனக்குத் தையல் தெரிந்ததால் பிழைத்தேன். தெரியாதவர்கள் என் வயசுக்காரிகள் இன்றும் ரெஸ்டாரண்டில் பாத்திரம் கழுவுகிறார்கள். அவர்கள் என்னைவிடச் சோம்பேறிகள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் விட்டால் பாலஸ்தீனரைப் பற்றி எழுதியதற்கே அர்த்தமில்லை. நம் நாட்டிலும் பாலஸ்தீன அகதிக் குடும்பங்கள் இருக்கின்றன. நாம் கொடி பிடிக்கிறோம், நிதி கொடுக்கிறோம், நல்லதுதான், நானும் கடையில் உண்டியல் வைத்திருக்கிறேன். ஆனால் 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்துப் போடவில்லை, அகதி அட்டையை வைத்துக்கொண்டு சட்டப்படி வேலை செய்ய உரிமையில்லை. சிலி 2008இல் ஈராக் எல்லைப் பாலைவன முகாமில் கிடந்த 117 பாலஸ்தீனர்களை அழைத்துக் குடியமர்த்தியது, நூறு வருஷத்துக்கு முன் அங்கே போன வியாபாரிகளின் பேரப்பிள்ளைகள் அவர்களுக்குத் துணை நின்றார்கள். நாம் இங்கே இருக்கிற சில குடும்பங்களுக்கு வேலை செய்ய அனுமதி கேட்டு ஒரு வரி எழுதலாமே. சிவப்பு அட்டை என்றால் என்ன என்று இந்த நாட்டில் நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

கடைசியாக அந்த அன்பருக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் பழைய தோட்டத்தில், மரமெல்லாம் போன பிறகும், பதினோரு குடும்பங்கள் இன்னும் லயத்திலேயே இருக்கின்றன. காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்து நாலு வருஷமாகிறது. வீட்டு மனை தருகிறோம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்கள், கிராண்ட், அதாவது நிலப் பட்டா, கைக்கு வரவில்லை. அதில் ஒரு தாத்தாவுக்கு எண்பத்தி மூன்று வயசு, இன்னும் சிவப்பு அட்டை. ஒரு பொண்ணுக்குப் பதினொரு வயசு, பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை இல்லை என்று போட்டிருக்கிறது, அடுத்த வருஷம் அடையாள அட்டை எடுக்கும் வயசு வந்துவிடும், என்ன செய்வதென்று அவள் பாட்டி ஒவ்வொரு வாரமும் என் கடையில் வந்து உட்கார்ந்து கேட்கிறாள். கணக்கில் நல்ல பொண்ணு, என் பில் புத்தகத்தை அவள்தான் கூட்டிக் கொடுப்பாள். இவர்களுக்கு மனுவெழுத, தேசியப் பதிவு இலாகாவுக்கு அலைய, நில அலுவலகத்தில் கேள்வி கேட்க, விவரம் தெரிந்த ஆள் வேண்டும். அன்பர் நன்றாக எழுதக்கூடியவர் என்று அவர் கடிதத்திலேயே தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை என் கடை மூடியிருக்கும். காலை ஒன்பது மணிக்குப் பஸ் ஸ்டேஷன் பக்கம் வந்தால் நானே அழைத்துப் போகிறேன். இப்போது மழைக்காலம், உள்ளே அரை மைல் செம்மண் ரோடு, பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரம்மா,
சுங்கை சிப்புட், பேராக்.